கிழிந்த இடத்தில் கத்தரி

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த எல்லாருக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டுச் சுருக்குப்பை கொடுத்தேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. "எங்க வாங்கினீங்க, காஞ்சிபுரமா?" என்று கேட்காதவர்களே இல்லை. பல்லாவரம் சந்தையில் 350 ரூபாய்க்கு எடுத்த பழைய புடவையிலிருந்து தைத்தது என்றேன். சிலர் பையை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்து, "எப்படித் தச்சீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்கள். சிலர் அதை மெல்ல வெற்றிலைக்கு அடியில் தள்ளிவிட்டு, "யாரு கட்டின புடவையோ..." என்று இழுத்தார்கள்.

இரண்டு தரப்பாருக்கும் அன்றைக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. சுண்டல் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குரோம்பேட்டைக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை கூடும். மாட்டுச் சந்தையாகத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற சந்தை என்று அங்கே கடை போடுகிறவர்கள் சொல்வார்கள். இப்போது அங்கே இல்லாத பொருளே இல்லை. ரோஜாப் பதியன், வண்ண மீன், புறா, ஒற்றைச் செருப்பு, நூறு ரிமோட்டுகளின் குவியல், கண்ணாடி போன பீரோ, ஆஸ்பத்திரிக் கட்டில், காது உடைந்த ஊறுகாய் ஜாடி. தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் அடிவயிறு தெரிகிற அளவுக்குத் தாழப் போகும். அந்தச் சத்தம் அடங்கும்வரை பேரத்தை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

என் மாமனாருக்கு இந்தச் சந்தை போதாது. அவர் மூர் மார்க்கெட்டில் வளர்ந்தவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே மாதம் எரிந்துபோனது. கல்லூரிப் புத்தகம் முதல் கிராமபோன் தட்டு வரை எல்லாம் அங்கே வாங்கினதுதான் என்பார். "புதுசு வாங்கினா பொருள் மட்டும்தான் வரும்மா. பழசு வாங்கினா அதோட ஒரு ஆளும் கூட வர்றான்" என்று அவர் சொல்வது எனக்குப் பிடிக்கும். கொலுவில் முகம் சுளித்தவர்கள் பயப்படுவதும் அந்த ஆளுக்குத்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் வேலை. காலையில் பெண்ணை எல்.கே.ஜி-யில் விட்டுவிட்டு சந்தைக்குப் போய்விடுவேன். துணி எடுப்பது பெரும்பாலும் ஒரே ஆளிடம். அவரை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். நீலத் தார்ப்பாய் விரித்து, பட்டு ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், நைலக்ஸ் ஒரு பக்கம் என்று அடுக்கி வைத்திருப்பார். முப்பது வருஷம் தெருத் தெருவாகக் கூடை சுமந்து பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வியாபாரம் நன்றாக நினைவிருக்கும். திண்ணையில் அம்மா பட்டுப்புடவையை எடுத்துப் போடுவார், பாத்திரக்கார அம்மா ஒரு சின்ன டிபன் டப்பாவை எடுத்து வைப்பார், அம்மா மூடி வைத்த தூக்கு கேட்பார். ஒரு வேட்டியைக் கூடப் போட்டு, ஒரு குழிக்கரண்டியைக் கூடக் கேட்டு, பேரம் ஒரு மணி நேரம் ஓடும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த ஊர் இது. வீட்டில் கிடக்கிற எதற்கும் ஒரு விலை உண்டு என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தத் துணியெல்லாம் எங்கே போகும் என்று ஆயாவிடம் ஒருநாள் கேட்டேன். விரலை மடக்கிச் சொன்னார். கிழியாததைத் துவைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு இப்படித் தரையில் விற்பது. நூல் வேட்டியும் பனியனும் மெக்கானிக் ஷாப்புக்கு, கிரீஸ் துடைக்க. ஜரிகை அசலாக இருந்தால் அதற்கென்று வாங்குகிற ஆள் உண்டு. அவர் கரையையும் முந்தானையையும் எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நல்ல காஞ்சிபுரம் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசியது. பழைய புடவையின் கரையில் ஒரு இழையை நகத்தால் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியும். தெரிந்தால் அந்தப் புடவைக்கு வெள்ளி விலை. பட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நெருப்புக்குத்தான் போகும். என் அரக்குப் புடவையில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது வெளிர் மஞ்சள் நூல். செப்புக் கம்பி சுற்றிய மட்ட ஜரிகை. "அதனாலதான் கண்ணு இது இன்னும் இருக்குது" என்றார் ஆயா. மட்டம் என்பதால் உயிர் பிழைத்த புடவை அது.

600 ரூபாய் சொன்னார், 350-க்குக் கொடுத்தார். அதற்குக் கீழே நான் கேட்கவில்லை. வெயிலில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரிடம் 50 ரூபாய்க்கு மல்லுக்கு நிற்க எனக்கு மனசு வருவதில்லை. அதே நாளில் கடைக்குப் போய் ஒட்டிய விலையை வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்.

இனி எப்படித் தைப்பது என்று கேட்டவர்களுக்கு.

முதலில் ஒரு வருத்தமான கதை. நாலு வருஷத்துக்கு முன் என் அம்மாச்சியின் மயில்கழுத்து நிறப் பட்டை ஒரு தையல் கடையில் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். நல்ல பெயருள்ள கடை. புடவையை விரித்து, பார்வைக்கு எங்கே பளபளப்பாக இருக்கிறதோ அங்கே முன்பக்கத்தை வெட்டினார்கள். இற்றுப்போன மடிப்பு அப்படியே முதுகுக்குக் குறுக்கே போனது. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய் பந்தியில் குனிந்து உட்கார்ந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். அம்மாச்சி கட்டிக்கொண்டு எங்களைத் தூக்கி வைத்திருந்த புடவை. தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றைக்கு அழுதேன். கடைக்காரர் மேல் கோபித்துப் பயன் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. தையல் தெரிந்தவருக்கும் புதுத் துணியை வெட்டித்தான் பழக்கம். புதுத் துணியில் எங்கே வேண்டுமானாலும் கத்தரி வைக்கலாம். பழைய துணியில் அது எங்கே கிழியக் காத்திருக்கிறதோ அங்கேதான் கத்தரி வைக்க வேண்டும்.

அதற்குத் துணியைப் படிக்கத் தெரிய வேண்டும். பட்டுப்புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இற்ற இடம் கொசுவலை மாதிரி தெரியும். பீரோவில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்திருந்தால் நீளவாக்கில் நட்டநடுவே ஒரு கோடு, குறுக்கே நாலைந்து கோடுகள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் பட்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கக்கம் படும் இடம், முந்தானை ஓரம், ஃபால்ஸ் தைத்த அடி. இந்த இடங்களில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வேன். கோடு இல்லாத இடம் எவ்வளவு என்று அதற்குப் பிறகுதான் அளப்பேன். என்ன தைப்பது என்பதைத் துணிதான் சொல்லும். அனார்கலி தைக்கலாம் என்று நினைத்து வாங்கி, தலையணை உறையில் முடிந்த புடவைகள் என்னிடம் உண்டு. அவை நல்ல தலையணை உறைகள்.

அரக்குப் புடவை என்ன சொன்னது என்று பார்ப்போம். அகலம் 48 அங்குலம். இரண்டு பக்கமும் கரை. நடுக்கோடு முழுக்க இற்றிருந்தது. புடவையாக இனி யாரும் கட்ட முடியாது. ஆனால் அந்த நடுக்கோட்டிலேயே கத்தரி வைத்தால்? இரண்டு நீளத் துண்டுகள், ஒவ்வொன்றும் 24 அங்குல உயரம், இரண்டுக்கும் அடியில் பச்சைக் கரை. என் பெண்ணுக்கு அப்போது நாலரை வயது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 22 அங்குலம். இற்ற ஓரத்தில் ஒரு அங்குலம் கழித்து, தையலுக்கு ஒரு அங்குலம் விட்டால் சரியாக அவள் உயரம். தரையில் உட்கார்ந்து அளவு நாடாவை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. அந்தப் புடவை கிழிந்த இடமே பாவாடைக்கு இடுப்பாகிவிட்டது.

நீளத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் எடுத்தேன். இரண்டு பாதியையும் இணைத்தால் மூன்றரை மீட்டர் சுற்றளவு. குழந்தைப் பாவாடைக்கு அது தாராளம். குறுக்கு மடிப்புகளில் இற்ற இடங்கள் வெளியே தெரியாமல் இருக்க, ஒவ்வொன்றையும் பின்பக்கம் மல் துணி வைத்து ஒட்டுத் தைத்து, கொசுவத்தின் உள்மடிப்புக்குள் போகிற மாதிரி மடித்தேன். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு கொசுவம் அரை அங்குலம், அடுத்தது முக்கால் என்று வரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்தான். ஆனால் கட்டிக்கொண்டு ஓடுகிற குழந்தையின் கொசுவத்தை யார் அளக்கப்போகிறார்கள்? உள்ளே முழுக்க மல் துணி லைனிங். மேலே இடுப்புப் பட்டிக்குப் பதிலாகக் கையில்லாத பருத்தி பாடி வைத்தேன். பாவாடையின் கனம் தோளில் தாங்கும், பட்டின் மேல் இழுப்பு விழாது. அடுத்த வருஷம் வளர்ந்தால் பாடியைப் பிரித்துவிட்டு மூன்று விரல் பட்டி வைத்துக்கொள்ளலாம்.

தைக்கும்போது இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. பழைய பட்டுக்குப் பாலியெஸ்டர் நூல் வேண்டாம். நூல் துணியைவிட வலுவாக இருந்தால் இழுக்கும்போது நூல் நிற்கும், துணி அறும். பருத்தி நூல் போதும். இன்னொன்று, 11-ம் நம்பர் மெல்லிய ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் அந்த ஊசித்துளைக் கோடே தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும்.

துவைப்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே துவைக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியைக் கரையில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடாதீர்கள், டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். ஒட்டாவிட்டால் பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடலாம். சாயம் போகாத நூல் புடவை என்றால் கவலையே இல்லை. கொதிக்கும் தண்ணீர், உப்பு, இரண்டு நாள் மொட்டை மாடி வெயில்.

அரக்குப் புடவையைத் துவைத்தபோது ஒன்று நடந்தது. முந்தானையின் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலாக ஒரு கறை. குழம்புக் கறை என்று நினைத்து அந்த இடத்தில் மட்டும் பார் சோப்பைக் கொஞ்சம் தேய்த்தேன். கறை அப்படியே குங்குமமாகச் சிவந்தது. ஒரு நிமிஷம் கை நின்றுவிட்டது. அலசியதும் பழையபடி மஞ்சளாக மாறியது. சோப்பு பட்டால் சிவப்பது மஞ்சள்தான். குழம்பிலும் மஞ்சள் இருக்கும். ஆனால் இது தெறித்த கறை இல்லை. மூலையில், ஒரு விரலால் அளவாக வைத்த பொட்டு. புதுப்புடவை கட்டுவதற்கு முன் மூலையில் மஞ்சள் தடவுவோமே, அது. யாரோ ஒருத்தி ஒரு நல்ல நாளில், கையில் மஞ்சளைக் குழைத்து, சாமி முன்னால் வைத்து எடுத்து இதைக் கட்டியிருக்கிறாள். பீரோ இருட்டில் அந்த மஞ்சள் இத்தனை நாள் அப்படியே இருந்திருக்கிறது.

அந்த மூலையை மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெட்டித் தனியாக மடித்து வைத்தேன். என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

இப்போது "யாரு கட்டின புடவையோ" என்று இழுத்தவர்களுக்கு. உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. செத்தவர் துணியைக் கட்டக்கூடாது என்று வளர்ந்த வீடுதான் எங்களுடையதும். மனசு ஒப்பாத துணியை யாரும் உடம்பில் போட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நாம் இந்த உலகத்தில் போட்டுக்கொண்ட முதல் துணி யாருடையது? எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். வயதான ஒருவரின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். நூறு தடவை துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் பூ மாதிரி ஆகியிருக்கும். அவர் ஆயுசு பிள்ளைக்கும் வரட்டும் என்பார்கள். என் அம்மாச்சி அதற்காகவே தாத்தாவின் நாலு முழ வேட்டிகளைத் துவைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் இரண்டு துண்டு போகும். அப்புறம் தூளி. அது அம்மாவின் பழைய நூல் புடவை. இன்னொருவர் உடம்பில் பழகிய துணியில்தான் நாமெல்லாரும் முதல் தூக்கம் தூங்கியிருக்கிறோம்.

வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுத் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம்முடைய கந்தை என்ற சொல்லும் அதுவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அவர்கள் அந்தச் சொல்லைப் போர்வைக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் அதை வசவாக்கிவிட்டோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பழைய துணியைக் கொடுப்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போயிருந்தேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சாலையோரங்களில் மலை மலையாகத் துணி. நாட்டின் எங்கெங்கிருந்தோ லாரி லாரியாக வந்து இறங்கியது. கிழிந்த ஜீன்ஸ், நாற்றமடிக்கும் கோட்டு, ஜோடியில்லாத சாக்ஸ். வீட்டையும் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. மழையில் நனைந்து, மாடு மிதித்து அங்கேயே மக்கியது. 1999-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட கூஞ்ச் என்ற அமைப்பு பிற்பாடு தமிழ்நாட்டில் அந்தத் துணிகளை வாங்கிப் பிரித்து, பயன்படுத்தக் கூடியதைத் தனியாக எடுத்து, மற்றதை வேறு பொருளாக மாற்றியது என்று படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நல்ல பருத்தித் துணியைத் துவைத்து, பெண்களுக்கு மாதவிடாய் நாப்கினாக ஆக்கிக் கொடுக்கிறார்கள். அந்தச் சாலையோரத்தைப் பார்த்த பிறகு, துவைக்காமல், பொத்தான் தைக்காமல், ஒரு துணியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

ஜன்னல் திரைக்குப் புதுத்துணி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு நிமிஷம் நிறுத்திப் பேசத் தோன்றும். ஐந்தரை மீட்டர் நூல் புடவை என்றால் 18 அடி. 7 அடித் திரை இரண்டு வந்து, மேலே கம்பி நுழைக்கவும் அடியில் மடிக்கவும் தாராளமாக மிஞ்சும். இரண்டு ஓரமும் கரை என்பதால் பக்கத்தில் மடித்துத் தைக்கிற வேலையே இல்லை. எங்கள் கூடத்தில் தொங்குவது மதுரைச் சுங்குடி. 80 ரூபாய்க்கு வந்தது. காலை வெயில் அதில் விழும்போது அந்தச் சின்னச் சின்ன முடிச்சுப் புள்ளிகள் தரையில் நிழலாக விழும். கண்டாங்கி கிடைத்தால் விடாதீர்கள். கனமான துணி, கட்டம் போட்டது, சோபா உறைக்கு அதைவிடச் சிறந்த துணி கிடையாது.

துணி அல்லாததில் எனக்குப் பிடித்தது தையல் மெஷின் ஸ்டாண்ட். மெஷின் போய்விட்டாலும் அந்த வார்ப்பிரும்புக் காலும் மிதியும் அப்படியே இருக்கும். சந்தையில் எடைக்குப் போட வைத்திருப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், கறுப்பு எனாமல் இரண்டு கோட். மேலே ஒரு கடப்பாக் கல். என் பெண் அதில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள், கால் சும்மா இருக்காமல் மிதியை ஆட்டிக்கொண்டே. மரத்தில் குடைந்த அஞ்சறைப்பெட்டி ஒன்று மூடி இல்லாமல் 120 ரூபாய்க்குக் கிடைத்தது. கடுகு இருந்த குழியில் ஊக்கு, மிளகு இருந்த குழியில் ப்ரெஸ் பட்டன், நடுக்குழியில் காஜா நூல். திறந்தால் இன்னும் லேசாகச் சீரக வாசனை வரும். அதைக் கழுவிப் போக்க எனக்கு மனசில்லை.

எதை வாங்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையணை, மெத்தை, உள்ளாடை, ஹெல்மெட். வயர் நைந்த இஸ்திரிப் பெட்டி. ஈயம் போன பித்தளைப் பாத்திரம் அலங்காரத்துக்கு வாங்கலாம், ஈயம் பூசாமல் அதில் புளி சேர்த்துச் சமைக்கக்கூடாது. மரச்சாமானின் இடுக்கில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. எவ்வளவு அழகான நாற்காலியானாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சுருக்குப்பைக்கு வருகிறேன். பாவாடை போக மீதமிருந்த புடவையில் இற்ற இடங்களைக் கழித்தபோது பெரிய துண்டு எதுவும் தேறவில்லை. சிறு துண்டுகள் நிறைய. அவற்றில்தான் பை. 14 அங்குல நீளம், 7 அங்குல அகலம். அதை இரண்டாக மடித்தால் 7-க்கு 7 பை. கரை வாய்ப்பக்கம் வருகிற மாதிரி வெட்ட வேண்டும். கரைக்குத்தான் இன்னும் வலு இருக்கும், நாடா இழுக்கும் இடமும் அதுதான். உள்ளே பழைய நூல் வேட்டி லைனிங். வாயிலிருந்து ஒரு அங்குலம் கீழே இரண்டு வரித் தையல், நடுவில் நாடா போக வழி. நாடாவையும் அதே பட்டின் கிழிசலை ஒல்லியாகக் கிழித்து மூன்றாகப் பின்னிச் செய்தேன். ஒரு புடவையில் ஒரு பாவாடை, 23 பைகள், மிச்சத் துணுக்குகளைத் திணித்து ஒரு ஊசிக்குத்தி. எதுவும் குப்பைக்குப் போகவில்லை.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, தாம்பூலத்துக்கு என்ன செய்வது என்று எங்கள் குடியிருப்பில் பெரிய பேச்சு நடந்தது. அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. இடுப்பில் சுருக்குப்பை இல்லாத கிழவியை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, நாலணா, பேரன் பேத்திக்கு ஒரு புளிப்பு மிட்டாய் எல்லாம் அதற்குள்தான்.

கொலு முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை பெண்ணுக்குப் பள்ளி விடுமுறை. பாவாடையைக் கட்டிவிட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஆயா அவளைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பச்சைக் கரையை விரலால் தடவினார்.

"இது எங்கிட்ட எடுத்ததுதானே கண்ணு?"

"ஆமா ஆயா."

அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார், சுற்றச் சொன்னார். அடியை மடித்து உள்தையலைப் பார்த்தார். நடுக்கோட்டைத் தேடினார் என்று நினைக்கிறேன். அது இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 24-வது சுருக்குப்பை. தனியாக வெட்டி வைத்த மூலையில் தைத்தது. ஆயா வாயைப் பிரித்தார். உள்பக்க மடிப்பில் அந்த மஞ்சள் இருந்தது. வெயிலில் வெளுத்துப்போகாமல் இருக்கட்டும் என்று உள்ளே வருகிற மாதிரி தைத்திருந்தேன்.

"மஞ்ச இருக்குதே."

"இருந்துச்சு. துவைக்கும்போதுதான் பார்த்தேன்."

"நானும் எடுக்கும்போது மூலையைப் பாத்துக்குவேன். இதுல பாக்காம விட்டுட்டேன் போல." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. சத்தம் அடங்கியதும், இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து அதிலிருந்த சில்லறையையும் இரண்டு வெற்றிலையையும் சுருக்குப்பைக்குள் போட்டு, நாடாவை இழுத்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்புறம் பின்னால் திரும்பி, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

"மாம்பழக் கலரு, கத்திரிப்பூ கரை. நடுவுல போயிருக்குது. உனக்குன்னுதான் எடுத்து வச்சேன், பாரு."